ஆள் அதே, எண் வேறு

சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாகிவிட்டால், அதன் பிறகு மார்கழி முடியும்வரை டிடிபி சென்டர்களில் சிஸ்டத்தை அணைக்கவே மாட்டார்கள். ராத்திரி வீட்டுக்குப் போகிற ஆபரேட்டர் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போவார். இடையில் விண்டோஸ் தானாக அப்டேட் ஆகி, தானாக ரீஸ்டார்ட் ஆகி நிற்கும். காலையில் கடை திறந்ததும் என் போன் அடிக்கும். "அண்ணே, பாஸ்வேர்ட் எடுக்குது, உள்ளயும் போகுது. ஆனா டெஸ்க்டாப்புல ஒண்ணுமே இல்ல. பாமினி ஃபான்ட்டையும் காணோம். அண்ணாச்சி வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணுங்கண்ணே."

இப்படிக் கூப்பிடுகிறவர்கள் எல்லோருமே ஃபைல் அழிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அழிந்திருக்காது. ஃபைல் இருந்த இடத்திலேயே இருக்கும். மெஷின்தான் எதிரே உட்கார்ந்திருப்பவரை வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டிருக்கும். சிஸ்டம் சர்வீஸ் பார்க்கிற பையன்களுக்கு இதைச் சரிசெய்யும் வழி தெரிந்திருக்கிறது, யூடியூப்பில் பார்த்துக்கொள்கிறார்கள். மெஷின் ஏன் ஆளை மறக்கிறது என்பது மட்டும் தெரிவதில்லை. அது அறுபது வருஷத்துக் கதை. ஒரே மெஷினைப் பலபேர் பங்குபோட்டுக்கொள்ளத் தொடங்கிய இடத்திலிருந்து அதைச் சொல்ல வேண்டும்.

1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் அவருடைய குழுவினரும் சி.டி.எஸ்.எஸ். என்ற ஏற்பாட்டை ஐ.பி.எம். 709 மெஷினில் ஓட்டிக்காட்டினார்கள். அதற்கு முன்பெல்லாம் துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, விடை அச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டும். சில சமயம் மறுநாள்தான் கிடைக்கும். கோர்பட்டோவின் ஏற்பாட்டில் பலர் ஆளுக்கொரு டெர்மினலில் உட்கார்ந்தார்கள். மெஷின் தன் நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டி எல்லோருக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தது. மெஷின் ஒன்று, ஆட்கள் பலர் என்றானதும் யாருடைய ஃபைல் யாருடையது, யார் எவ்வளவு நேரம் செலவழித்தார் என்ற கணக்கு தேவைப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு ப்ராப்ளம் நம்பரும் ஒரு ப்ரோகிராமர் நம்பரும் கொடுத்தார்கள். கூடவே ஒரு பாஸ்வேர்ட். கம்ப்யூட்டரில் பாஸ்வேர்ட் என்பது அங்கேதான் தொடங்கியது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பாஸ்வேர்ட் பெரிய தொல்லையாகிவிட்டது என்று கடைசிக் காலத்தில் கோர்பட்டோவே அலுத்துக்கொண்டார்.

தொல்லை ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அவருடைய வேலைக்கு அது போதவில்லை. ஒரு துளை அட்டையில் ஃபைல் பெயரைக் குறித்துக் கொடுத்தால் அந்த ஃபைலை அச்சடித்து வைத்துவிடும் வசதி அங்கே இருந்தது. 1962-ல் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் பாஸ்வேர்ட் ஃபைலின் பெயரையே குறித்துக் கொடுத்தார். சனிக்கிழமை விடிகாலையில் போய், எல்லோருடைய பாஸ்வேர்டும் அச்சான தாளை எடுத்துக்கொண்டார். பிறகு மற்றவர்களின் அக்கவுண்டில் நுழைந்து தன் வேலையை முடித்தார். அச்சுத் தொழில் ஊர்க்காரனாக இந்தக் கதையை நான் ரசித்துப் படித்தேன். தெரியக் கூடாத விஷயம் முதன்முதலில் வெளியே கசிந்தது பிரிண்டர் வழியாகத்தான்.

என் தொழிலுக்கு அதைவிட நெருக்கமானது, 1966-ல் அதே சி.டி.எஸ்.எஸ்.ஸில் நடந்த இன்னொரு சம்பவம். டெர்மினலில் லாகின் செய்ததும் 'இன்றைய அறிவிப்பு' என்று சில வரிகள் அச்சாகும். இன்று நேரமாற்றம், நாளை பராமரிப்பு, இப்படி ஏதாவது. ஒருநாள் மாலை லாகின் செய்தவர்களுக்கெல்லாம் அந்த அறிவிப்புக்குப் பதிலாக, பயனர் எல்லோருடைய பாஸ்வேர்டும் வரிசையாக அச்சாகிக்கொண்டிருந்தது. பதறிப்போன ஒரு பயனர் வேண்டுமென்றே மெஷினைக் கவிழ்த்து நிறுத்தினார்.

அதற்குக் காரணம் இதுதான். அங்கிருந்த எடிட்டர் ஒரு ஃபைலைத் திறந்தால் அதன் வேலைப் பிரதியை எப்போதும் ஒரே நிலையான பெயரில் அதே டைரக்டரியில் எழுதிவைக்கும். ஒரு அக்கவுண்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தானே இருப்பார், அதனால் பெயர் மோதாது என்பது கணக்கு. ஆனால் மெஷினை நிர்வகிப்பவர்களுக்கென்று ஒரு பொது அக்கவுண்ட் இருந்தது. வசதிக்காக, அதில் மட்டும் பலர் ஒரே நேரத்தில் நுழையலாம் என்று விதியைத் தளர்த்தியிருந்தார்கள். அன்று ஒருவர் பாஸ்வேர்ட் ஃபைலைத் திருத்திக்கொண்டிருந்தார், இன்னொருவர் அறிவிப்பு ஃபைலைத் திருத்திக்கொண்டிருந்தார். இருவரின் வேலைப் பிரதிக்கும் ஒரே பெயர். சேமித்தபோது பாஸ்வேர்ட் ஃபைல் அறிவிப்பின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அக்கவுண்ட் என்றால் ஒரு ஆள் என்று நம்பி எழுதிய ப்ரோகிராம், அதற்கப்புறம் யாரோ மாற்றிய விதி. இந்த இரண்டும் சேர்கிற இடத்தில்தான் நான் இன்றுவரை சம்பாதித்துச் சாப்பிடுகிறேன். நாலு பேர் ஷிப்ட் மாற்றி உட்காரும் எந்த டிடிபி சென்டரிலாவது ஆளுக்கொரு அக்கவுண்ட் இருக்கிறதா? 'அட்மின்' என்று ஒன்று, பாஸ்வேர்ட் ஒன்று இரண்டு மூன்று.

சி.டி.எஸ்.எஸ்.ஸின் அனுபவத்தைப் பார்த்து வளர்ந்தது யுனிக்ஸ். 1969-ல் பெல் லேப்ஸில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கியது. அதில் ஒவ்வொரு பயனருக்கும் பாஸ்வேர்ட் ஃபைலில் ஒரு வரி உண்டு. பெயர், பாஸ்வேர்ட், ஒரு எண், குழுவின் எண், ஒரு குறிப்பு, அவருடைய ஃபோல்டர், அவருக்கான கட்டளை ப்ரோகிராம். ஏழு விவரம், நடுவில் முக்காற்புள்ளி. இன்று நாம் வைத்திருக்கும் லினக்ஸிலும் அந்த வரி அப்படியே இருக்கிறது. அதில் ஐந்தாவதாக வரும் குறிப்புக்கு இன்னமும் 'ஜிகாஸ்' என்றுதான் பெயர். பெல் லேப்ஸில் பிரிண்ட் எடுக்க வேண்டுமானால் ஜிகாஸ் என்ற வேறொரு சிஸ்டம் ஓடிய பெரிய மெஷினுக்கு அனுப்புவார்கள். அந்த மெஷினில் பயனருக்குள்ள அடையாளத்தை எழுதிவைக்க விட்ட இடம் அது. அந்த மெஷின் போய்ப் பல வருஷமாகியும் இடம் மட்டும் பெயரோடு நிற்கிறது.

அந்த ஏழில் முக்கியமானது மூன்றாவதாக இருக்கும் எண். ஒரு ஃபைலின் சொந்தக்காரர் யார் என்று யுனிக்ஸ் எழுதிவைப்பது பெயரை அல்ல, அந்த எண்ணைத்தான். பெயர் என்பது நமக்குக் காட்டுவதற்கு மட்டும். நிலப்பத்திரத்தில் பெயரை எப்படி எழுதினாலும் சர்வே எண் மாறினால் நிலம் வேறாகிவிடுகிறது அல்லவா, அப்படித்தான். 2011 நவம்பரில் ஃபெடோரா 16 வந்தபோது லினக்ஸ்காரர்களுக்கு இது நன்றாகவே உறைத்தது. அதற்கு முன் ஃபெடோராவில் சாதாரணப் பயனரின் எண் 500-லிருந்து தொடங்கும். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸில் 1000. எல்லோரும் ஒன்றாக இருக்கட்டும் என்று ஃபெடோராவும் அந்தப் பதிப்பிலிருந்து 1000-க்கு மாறியது. பழைய ஹோம் பகுதியை அழிக்காமல் வைத்துக்கொண்டு புதிதாக இன்ஸ்டால் செய்து, முன்பு இருந்த அதே பெயரில் அக்கவுண்ட் தொடங்கியவர்கள், தங்கள் ஃபோல்டர் தங்களையே உள்ளே விடாமல் நிற்பதைக் கண்டார்கள். ஃபைலெல்லாம் 500-க்குச் சொந்தம். லாகின் செய்திருப்பவர் 1000. உரிமையாளரை மாற்றும் கட்டளை ஒன்றை, முழு அதிகாரமுள்ள ரூட் அக்கவுண்டில் இருந்து ஓட்டினால் முடிந்தது. தெரியாதவர்கள் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் பார்த்திருப்பார்கள்.

நம் ஊரில் லினக்ஸ் வழக்குகள் என்னிடம் அதிகம் வந்ததில்லை. 2011 செப்டம்பரிலிருந்து அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பிள்ளைகள் கொண்டுவந்து, "அண்ணே, இதை எடுத்துட்டு விண்டோஸ் மட்டும் போடுங்க" என்றுதான் கேட்டார்கள். நல்ல சிஸ்டம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

விண்டோஸுக்கு வருவோம். 1995-ல் வந்த விண்டோஸ் 95-ல் பாஸ்வேர்ட் கேட்கும் பெட்டி ஒன்று வரும். எஸ்கேப் விசையைத் தட்டினால் உள்ளே போய்விடலாம். அந்தப் பெட்டி நெட்வொர்க்குக்காக வைத்தது. மெஷினைப் பூட்டுவதற்கு வைத்ததல்ல. வீட்டில் ஒரு மெஷின், அதில் இருப்பதெல்லாம் எல்லோருக்கும் என்ற நினைப்பில் கட்டிய சிஸ்டம் அது. அதே நேரத்தில் மைக்ரோசாஃப்டில் இன்னொரு கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. டிஜிட்டல் ஈக்விப்மென்ட் நிறுவனத்திலிருந்து 1988-ல் வந்து சேர்ந்த டேவ் கட்லரின் குழு எழுதிய விண்டோஸ் என்.டி. 1993-ல் வெளிவந்த அது, ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் எஸ்.ஐ.டி. என்ற நீண்ட எண்ணைக் கொடுத்தது. எஸ்-1-5-21 என்று தொடங்கும்; நடுவில் அந்த மெஷினுக்கே உரிய மூன்று பெரிய எண்கள்; கடைசியில் ஆளின் எண். அட்மினிஸ்ட்ரேட்டர் என்றால் 500, கெஸ்ட் என்றால் 501, நாம் உருவாக்குகிறவை 1000-லிருந்து. ஒரு அக்கவுண்டை அழித்துவிட்டு அதே பெயரில், அதே பாஸ்வேர்டோடு மறுபடி உருவாக்கினாலும் எண் வேறாகத்தான் வரும். சரியான ஏற்பாடுதான். வேலையை விட்டுப் போனவரின் பெயரில் நாளைக்கு வேறொருவர் வந்தால் பழையவரின் ஃபைல் புதியவர் கைக்குப் போகக் கூடாது.

2001-ல் எக்ஸ்பி வந்தபோது, ஆபீஸுக்காகக் கட்டிய இந்த என்.டி. முழுசாக வீடுகளுக்கும் சின்னச் சின்ன அச்சகங்களுக்கும் நுழைந்துவிட்டது. ஆட்கள் மாறவில்லை. விண்டோஸ் 98-ல் செய்ததையே செய்தார்கள். மெஷின் மெதுவாகிவிட்டால் சி டிரைவை ஃபார்மேட் போட்டு ஓ.எஸ். ஏற்றுவது, டி டிரைவில் ஃபைலை வைத்துக்கொள்வது. ஏற்றி முடித்து டி டிரைவில் ஃபோல்டரைத் தட்டினால் 'ஆக்சஸ் இஸ் டினைட்'. அந்த ஃபோல்டரைத் திறக்கும் உரிமை பழைய அக்கவுண்டுக்கு மட்டும் இருந்திருக்கும். சொந்தக்காரரின் எண் பழைய விண்டோஸோடு போய்விட்டது. செக்யூரிட்டி டேபில் போய்ப் பார்த்தால் பெயருக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறியும் அந்த நீண்ட எண்ணும் மட்டும் நிற்கும். எக்ஸ்பி ஹோம் பதிப்பில் அந்த டேபே வெளியே தெரியாது. எஃப்-8 அடித்து சேஃப் மோடில் போனால்தான் தெரியும். சேஃப் மோடில் போய், வெல்கம் ஸ்க்ரீனில் ஒளிந்திருந்த அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்டில் நுழைந்து, ஓனர்ஷிப்பை எடுத்துக்கொடுப்பது அந்தக் காலத்தில் எங்கள் பிழைப்பு. அந்த அட்மினிஸ்ட்ரேட்டருக்குப் பெரும்பாலும் பாஸ்வேர்டே இருக்காது. ஊர் முழுக்கப் பின்கதவு திறந்து கிடந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

மீட்கவே முடியாதது ஒன்று உண்டு. எக்ஸ்பி ப்ரொஃபெஷனலில் ஃபைல் பெயர் பச்சை நிறத்தில் தெரிந்தால் அது என்க்ரிப்ட் ஆனது. அதன் சாவி அந்த அக்கவுண்டுக்குள்ளேயே இருக்கும். சாவியைப் பிரதி எடுக்காமல் ஃபார்மேட் போட்டால், ஃபைல் கண்ணெதிரே இருக்கும், திறக்காது. அப்படி வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி வரப்போகிறது.

பயனரின் ஃபோல்டர் எங்கே இருக்கும் என்பதையும் மைக்ரோசாஃப்ட் மாற்றிக்கொண்டே வந்தது. என்.டி. 4-ல் விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே ப்ரொஃபைல்ஸ் என்று இருந்தது. விண்டோஸ் 2000-ல் வெளியே வந்து 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' ஆனது. 2007-ல் விஸ்டா அதை 'யூசர்ஸ்' என்று சுருக்கியது. பழைய ப்ரோகிராம்கள் பழைய பெயரைத் தேடுமே என்பதற்காக, அந்தப் பெயரில் ஒரு வழிகாட்டிப் பலகையை மட்டும் விட்டுவைத்தார்கள். பார்க்க ஃபோல்டர் மாதிரியே இருக்கும். தட்டினால் 'ஆக்சஸ் இஸ் டினைட்'. எக்ஸ்பியிலிருந்து மாறியவர்கள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு எத்தனை பேர் ஓடிவந்தார்கள்! உள்ளே எதுவும் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

விஸ்டா செய்த பெரிய மாற்றம் வேறு. அதற்கு முன் எல்லோரும் அட்மின், எந்த ப்ரோகிராமும் எங்கே வேண்டுமானாலும் எழுதலாம். விஸ்டா அதை நிறுத்தியது. 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் சாதாரணமாக எழுத முடியாது என்றது. ஆனால் உலகம் முழுக்கப் பழைய ப்ரோகிராம்கள் அங்கேதான் எழுதிக்கொண்டிருந்தன. அவற்றை ஓடவைக்க ஒரு தந்திரம் செய்தார்கள். ப்ரோகிராம் அங்கே எழுதப் போனால், எழுதிவிட்டதாக அதனிடம் சொல்லிவிட்டு, அந்த ஃபைலைப் பயனரின் சொந்த ஃபோல்டருக்குள் 'வர்ச்சுவல்ஸ்டோர்' என்ற மறைவிடத்தில் வைத்துவிடும். படிக்கும்போதும் அங்கிருந்தே எடுத்துக்கொடுக்கும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கடை. எக்ஸ்பி காலத்தில் யாரோ எழுதிக்கொடுத்த பில்லிங் ப்ரோகிராம். ஃபைலெல்லாம் ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள்தான். விண்டோஸ் 7-க்கு மாற்றியபோது, இனிமேல் ஒழுங்காக இருக்கட்டும் என்று கடைக்காரர் காலையில் வரும் பையனுக்கு ஒரு அக்கவுண்டும் மாலையில் வரும் பெண்ணுக்கு ஒரு அக்கவுண்டும் போட்டுக் கொடுத்தார். தீபாவளிக்கு முந்தின வாரம் கூப்பிட்டார். சரக்கு இருப்பு பொருந்தவில்லை, ஒரே பில் நம்பரில் இரண்டு பில் இருக்கிறது, பையன் திருடுகிறான் என்று சந்தேகம். பையன் அழாத குறையாக நின்றான். "நான் போட்ட பில்லெல்லாம் இருக்குண்ணே, இந்தப் பிள்ளை லாகின்ல பாத்தா ஒண்ணும் இல்லங்குது." அவன் சொன்னதுதான் சரி. இருவரின் வர்ச்சுவல்ஸ்டோரிலும் ஒரே பெயரில் தனித்தனி டேட்டா ஃபைல் இருந்தது. மாற்றின நாள் வரை ஒரே கணக்கு, அதற்கப்புறம் ஆளுக்கொரு கணக்கு. இரண்டும் ஒழுங்காகவே ஓடியிருந்தன. இரண்டையும் கையால் சேர்த்து, ப்ரோகிராமை சி டிரைவில் தனி ஃபோல்டருக்கு மாற்றி, இருவருக்கும் எழுத உரிமை கொடுத்தபிறகு பிரச்சினை தீர்ந்தது. கடைக்காரர் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போது காலியான டெஸ்க்டாப்புக்கு வரலாம். லாகின் ஆகும்போது விண்டோஸ் செய்கிற வேலை எளிமையானது. ரெஜிஸ்ட்ரியில் ப்ரொஃபைல்லிஸ்ட் என்ற இடத்தில் உங்கள் எஸ்.ஐ.டி. எண்ணைத் தேடும். அதன் எதிரே உங்கள் ஃபோல்டரின் முகவரி எழுதியிருக்கும். அந்த ஃபோல்டரில் என்டியூசர்.டேட் என்றொரு ஃபைல். உங்கள் வால்பேப்பர் முதல் பிரிண்டர் வரை எல்லா அமைப்பும் அதில்தான். அதை ஏற்ற முடிந்தால் நீங்கள் நீங்கள். அப்டேட் முடிந்து முதல் தடவை எழும்போது ஆன்டிவைரஸோ வேறெதுவோ அந்த ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்தால், அல்லது ஃபைல் கெட்டிருந்தால், விண்டோஸ் உங்கள் எண்ணின் பின்னால் '.பேக்' என்று ஒட்டு போட்டு ஒதுக்கிவைத்துவிட்டு, டெம்ப் என்ற தற்காலிக ஃபோல்டரைத் திறந்து உங்களை உட்காரவைத்துவிடும். பாஸ்வேர்ட் சரியாகவே எடுத்திருக்கும். பாஸ்வேர்ட் இருப்பது ஒரு இடம், ப்ரொஃபைல் இருப்பது வேறு இடம்.

இதில் ஆபத்து காணாமல் போன பழைய ஃபைல்களுக்கு இல்லை. அன்று செய்யும் புது வேலைக்குத்தான். தற்காலிக ஃபோல்டரில் சேமித்ததெல்லாம் சைன்-அவுட் செய்ததும் துடைத்துப் போடப்படும். மூலையில் ஒரு சின்ன அறிவிப்பு அதைச் சொல்லும். அதை மூடிவிட்டு, பகல் முழுக்க ஒரு ஜாதகக் காலண்டரின் பன்னிரண்டு தாளையும் டெஸ்க்டாப்பில் சேமித்து, சாயங்காலம் ஷட்டவுன் கொடுத்துவிட்டுப் போன ஆபரேட்டரை எனக்குத் தெரியும். மறுநாள் மெஷின் ரீஸ்டார்ட்டில் தானாகவே சரியாகி, பழையதெல்லாம் திரும்ப வந்திருந்தது. பன்னிரண்டு தாள்தான் போனது.

மைக்ரோசாஃப்டின் சொந்த அப்டேட்டே இதைச் செய்த நாளும் உண்டு. 2020 பிப்ரவரி 11-ல் விண்டோஸ் 10-க்கு வந்த மாதாந்திர அப்டேட்டுக்குப் பிறகு பலருக்கு டெஸ்க்டாப் காலி. யூசர்ஸ் ஃபோல்டரில் போய்ப் பார்த்தால் அவர்களின் ஃபோல்டர் பின்னால் '.000' அல்லது '.பேக்' என்ற ஒட்டோடு பத்திரமாக இருந்தது. சிலருக்கு நாலைந்து தடவை ரீஸ்டார்ட் செய்ததில் சரியானது. மற்றவர்கள் அப்டேட்டை நீக்கினார்கள்.

உண்மையாகவே அழிந்தது 2018-ல். அக்டோபர் 2-ஆம் தேதி வெளிவந்த 1809 என்ற பதிப்பு. டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களை டி டிரைவுக்குத் திருப்பிவிட்டிருந்தவர்களுக்கு, அதற்கு முந்தைய பதிப்பில் பழைய இடத்தில் காலி ஃபோல்டர்கள் இரட்டையாகத் தெரிந்தன. அது தொந்தரவாக இருக்கிறது என்று புகார் வந்ததால், இரட்டையை நீக்கும் நிரல் ஒன்றை 1809-ல் சேர்த்தார்கள். பழைய ஃபோல்டர் காலியாகத்தான் இருக்கும் என்று அந்த நிரல் நம்பியது. சிலர் இடத்தைத் திருப்பியபோது பழைய ஃபைல்களை நகர்த்தாமல் அங்கேயே விட்டிருந்தார்கள். ஃபோல்டரோடு அவையும் போயின. நாலு நாளுக்குள் அப்டேட்டை நிறுத்தினார்கள். நவம்பர் 13-ல்தான் மறுபடி விட்டார்கள். பத்தாயிரத்தில் ஒரு மெஷினிலிருந்து புகார் வந்ததாக நிறுவனம் சொன்னது. எனக்கு எரிச்சலூட்டியது வேறொன்று. முன்கூட்டியே சோதித்துப் பார்த்த தன்னார்வலர்கள் சிலர் இதே குறையை எழுதியிருந்தார்கள். அந்தப் புகாருக்கு மற்றவர்களின் ஓட்டு குறைவாக இருந்ததால் மேலே வரவில்லை. பிறகுதான், எவ்வளவு கடுமையான குறை என்று குறிக்க ஒரு கட்டம் சேர்த்தார்கள்.

அதே 1809-ல் இன்னொரு சின்ன மாற்றம் வந்தது. வேறெங்கும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், சிவகாசியில் கவனித்தோம். ஃபான்ட் ஃபைலைத் தட்டி இன்ஸ்டால் கொடுத்தால் முன்பெல்லாம் அது மெஷினுக்கே பொதுவாக ஏறும். 1809-லிருந்து அந்தப் பயனருக்கு மட்டும் ஏறுகிறது. அட்மின் பாஸ்வேர்ட் தெரியாதவர்களும் ஃபான்ட் போட்டுக்கொள்ள வசதி. ஆனால் ப்ரொஃபைல் தடுமாறினால் ஃபான்ட்டும் கூடவே போகிறது. யூனிகோடு இல்லாத பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த பேஜ்மேக்கர் ஃபைலில் ஃபான்ட் போனால், 'முருகன் துணை' என்று அடித்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். ஆபரேட்டர் ஃபைல் கெட்டுவிட்டது என்று சொல்லுவார். கெடவில்லை. ஃபான்ட் ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுத்தால் போதும்.

மேக் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். 2009-ல் ஸ்னோ லெப்பர்டுக்கு மாறியவர்களில் சிலர், கெஸ்ட் அக்கவுண்டில் ஒருமுறை நுழைந்து வெளியே வந்து பார்த்தபோது அவர்களுடைய சொந்த ஃபோல்டரே காலியாகியிருந்தது. நவம்பரில் வந்த 10.6.2-ல்தான் சரிசெய்தார்கள். 2017 நவம்பரில் ஹை சியராவில் பெயர் இடத்தில் ரூட் என்று அடித்து, பாஸ்வேர்டை வெறுமையாக விட்டு இரண்டொரு தடவை தட்டினாலே மெஷின் முழுக்கத் திறந்தது. ஒரே நாளில் திருத்தம் கொடுத்தார்கள். அந்தத் திருத்தம் சிலருக்கு ஃபைல் ஷேரிங்கைக் கெடுத்தது.

இதுவரை சொன்னதெல்லாம் அக்கவுண்ட் மெஷினுக்குள் இருந்த காலம். 2012-ல் விண்டோஸ் 8, மின்னஞ்சலையே அக்கவுண்டாக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தது. விண்டோஸ் 10-ல் அதைத் தட்டிக்கழிக்க வழி இருந்தது. 2021-ல் வந்த விண்டோஸ் 11 ஹோம், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமல் நேர்வழியில் உள்ளேயே விடுவதில்லை. உங்கள் ஃபோல்டருக்குப் பெயரைக்கூட அதுவே வைக்கிறது, மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்தை வெட்டி. அதோடு டிரைவையும் சத்தமில்லாமல் என்க்ரிப்ட் செய்துவிடுகிறது. 24எச்2 பதிப்பிலிருந்து புதிதாக ஏற்றும் மெஷின்களில் இது இன்னும் பரவலாகிவிட்டது. 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு சில மெஷின்கள் எழும்போதே நீலத் திரையில் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டன. ஆகஸ்டில் அதைத் திருத்தினார்கள். திருத்தம் வரும்வரை, கீ இருந்தவர்கள் அடித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

கீ எங்கே இருக்கிறது? மெஷினை முதலில் அமைத்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கிறது. அதைக் கொடுத்தது யார்? லேப்டாப் விற்ற கடைப் பையன். அவசரத்துக்கு ஒரு மெயில் ஐ.டி. உருவாக்கி, தன் நம்பரையோ வாடிக்கையாளரின் அப்போதைய ப்ரீபெய்டு நம்பரையோ கொடுத்து முடித்திருப்பான். அந்த நம்பர் இப்போது யாரிடமோ. எக்ஸ்பியின் பச்சை எழுத்து ஃபைலை அன்று தெரிந்தே என்க்ரிப்ட் செய்தவர்கள் சிலர்தான். இன்று தெரியாமலேயே எல்லோருடைய டிரைவும் பூட்டியிருக்கிறது. திருடன் கையில் லேப்டாப் போனால் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் லேப்டாப்பைத் திருட்டுக் கொடுத்தவர்களைவிட மெயில் ஐ.டி.யை மறந்தவர்கள்தான் அதிகம். எக்ஸ்பி காலத்தில் பின்கதவு திறந்து கிடந்தது தவறு. சொந்தக்காரருக்கே சாவி இருக்கும் இடம் தெரியாமல் பூட்டுவதும் தவறுதான் என்பேன்.

அதனால் அடுத்த அப்டேட்டுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். உங்கள் மெஷினில் எந்த மெயில் ஐ.டி. இருக்கிறது என்று செட்டிங்ஸில் பார்த்து, அதில் உள்ள போன் நம்பர் இன்னும் உங்களுடையதுதானா என்று சரிபாருங்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டின் டிவைசஸ் பக்கத்தில் இருக்கும் 48 இலக்கத்தைத் தாளில் அச்சடித்து, அச்சக லைசென்ஸ் வைத்திருக்கும் ஃபைலிலேயே கோர்த்து வையுங்கள். மெஷினில் இரண்டாவதாக ஒரு அட்மின் அக்கவுண்ட் போட்டுவையுங்கள். முதலாவது தடுமாறினால் அதன் வழியாகத்தான் உள்ளே போய்ச் சரிசெய்ய முடியும். ஒருநாள் காலையில் டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் அதில் எதையும் சேமிக்காதீர்கள், இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சரியாகாவிட்டால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். வந்ததும் வராததுமாக அவர் ஃபார்மேட் போட வேண்டும் என்று சொன்னால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.